பதினேழில் பதின்மூன்று

மகள் கனடாவிலிருந்து அனுப்பிய இசைத்தட்டு பழுதானது என்று முடிவுகட்ட எனக்கு ஆறு நாள் எடுத்தது.

கப்பலில் வானொலி அலுவலராக இருந்த காலத்தில், ஜேர்மனியத் துறைமுகம் ஒன்றில் இதே தட்டின் முதற் பதிப்பை வாங்கியிருந்தேன். ஜாஸும் ரொக்கும் கலந்த இசை. ஒரு மின்பியானோக்காரரின் தொகுப்பு. மயிலிட்டி வீட்டில் பதினொரு வருடம் சுழன்றது. சண்டையில் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டு ஓடினோம். இராணுவம் திரும்பிப் போய்ப் பார்க்க விட்டபோது கூரையே இல்லை. தட்டை யார் தேடுவது? இப்போது நாங்கள் இருப்பது மானிப்பாயில்.

புதியது, மூல ஒலிநாடாவிலிருந்து நேரே எடுத்த மறுபதிப்பாம். நூற்றெண்பது கிராம் என்று அட்டையில் இருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன். நூற்றெழுபத்தொன்பது. அதை மன்னித்துவிடலாம். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு முடியும் இடத்தில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்துபோக, மின்பியானோ மட்டும் படியேறுவதுபோலப் பதினேழு சுரங்கள் மேலே போகும். மோர்ஸ் தந்தி கேட்டுப் பழகிய காது. அந்த எண்ணிக்கை பிழைக்காது. இந்தத் தட்டிலோ பதின்மூன்றுதான். ஊசியைத் துடைத்துத் துடைத்து ஆறு நாளும் கேட்டேன். பதின்மூன்றுக்குப் பின் ஒன்றுமில்லை.

மகளிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"அப்பா, எண்ணூறு தட்டுத்தான் அடிச்சவை. சத்தத்திலை ஒரு தூசி இருந்தாலும் சண்டைபிடிக்கிற ஆக்கள் வாங்கிறது. அதிலை பிழை வராது."

"எழுதிக் கேள் பிள்ளை, மிச்ச நாலும் எங்கையெண்டு."

"நாலு சுரத்தைக் காணேல்லையெண்டு பொலிசிலையும் ஒரு முறைப்பாடு போடட்டோ?"

சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று தோன்றியது. ஏழாம் நாள் காலை, றெக்கோட் பிளேயரையும் ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டையும் மனைவியின் அறைக்குத் தூக்கிப் போனேன்.

அவளுக்குப் பாரிசவாதம் வந்து பதினான்கு மாதம். வலது பக்கம் வராது, குரலும் உயராது. ஆகையால் சாமியறைக் கைமணியைக் கட்டிலருகே வைத்திருக்கிறோம். ஏதும் தேவையென்றால் இடது கையால் ஆட்டுவாள். எத்தனை தரம் ஆட்டுகிறாள் என்று ஒரு கொப்பியில் குறித்து வந்தேன். தொடக்கத்தில் நாளுக்குப் பதினைந்து, பதினாறு. பிறகு பத்து. இப்போது நான்கு, ஐந்து. சுகம் கூடுகிறது என்று மகளுக்குச் சொன்னபோது அவள் சந்தோசத்தில் அழுதாள். போன கிழமை மட்டும் ஒருநாள் நான் குசினியில் சமைத்துவிட்டு வந்து பார்த்தபோது படுக்கை நனைந்திருந்தது. "மணி பக்கத்திலைதானே கிடக்கு. அடிச்சால் என்ன?" என்று ஏசிவிட்டேன். அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிளேயரைக் கண்டதும், "ஐயோ, திரும்பவும் உந்தத் தகரம் தட்டுறதோ?" என்றாள். மயிலிட்டியிலும் அப்படித்தான் சொல்வாள்.

"கடைசியிலை வாற சுரங்களை எண்ணும். பதின்மூண்டிலை நிக்கும்."

சுரங்கள் ஏறத் தொடங்கின. அவள் இடது கைச் சுட்டுவிரலால் போர்வையில் தட்டினாள். நானும் எண்ணினேன். பதின்மூன்று. பிறகு எனக்கு அறை அமைதியாகிவிட்டது. அவளுடைய விரல் நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகுதான் நின்றது.

"பதினேழும் இருக்கு" என்றாள். "அதே தகரந்தான்."

தட்டு வெறுமனே சுழன்றது. நான் அதைப் பார்க்கவில்லை. கட்டிலருகே இருந்த மணியைப் பார்த்தேன்.

"போன கிழமை, படுக்கை நனைஞ்ச அண்டைக்கு, மணி அடிச்சனீரோ?"

"ஓம்."

"எத்தினை தரம்?"

"நீங்கள்தானே எண்ணுறனீங்கள்."

"ஏன் சொல்லேல்லை?"

"களைச்சுப்போனியளாக்கும் எண்டு விட்டிட்டன். எத்தினை தரமெண்டுதான் நீங்களும் வாறது."

மணியை அவள் கையில் கொடுத்தேன். "நான் குசினியிலை நிக்கிறன். அடியும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். குசினி இருபத்திரண்டு அடி தூரம். காகம் கத்தியது. தெருவில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது. அறுபதுவரை எண்ணினேன். தொடங்க மறந்துவிட்டாளோ என்று திரும்பி வந்தேன். வாசலில் நின்று பார்த்தபோது அவளுடைய கை ஆடிக்கொண்டிருந்தது. முழங்கை நடுங்கியது. கட்டிலுக்கு நான்கு அடி இருக்கும்போதுதான் அந்தச் சத்தம், கம்பளிக்குள் சுற்றியதுபோல, என்னிடம் வந்தது.

கொப்பியைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். பதினான்கு மாதம், ஒருநாளும் விடவில்லை. பதினாறு, பத்து, ஐந்து. குறைந்தது அவளுடைய தேவை அல்ல, என் காதுக்கு எட்டும் மேற்சுரங்கள். ஐந்து என்று நான் எழுதிய நாட்களில் அவள் எத்தனை தரம் ஆட்டினாள் என்பதை இனி எந்தக் கணக்காலும் எடுக்க முடியாது.

காது வைத்தியரிடம் போக இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அதுவரைக்கும் என் கதிரையை அவள் கட்டிலுக்கு எதிரே போட்டிருக்கிறேன். குளிக்கத்தான் வெளியே போகவேண்டும். கிணற்றடியிலிருந்து அவளுடைய யன்னல் தெரியும். அதில் வெள்ளைத் துவாய் ஒன்றைத் தொங்கவிட்டு, அதிலிருந்து ஒரு கயிற்றை அவள் கைக்குக் கொடுத்திருக்கிறேன். இழுத்தால் துவாய் ஆடும். முகத்துக்குச் சவர்க்காரம் போடுவதில்லை. கண்ணை மூடவேண்டி வரும்.

ஆனால் காற்றுக்கும் துவாய் ஆடுகிறது. நேற்று எட்டு வாளி வார்ப்பதற்குள் ஐந்து தரம் ஈரத்தோடு ஓடினேன். நான்கு தரம் காற்று. ஒரு தரம் அவள்.