சோதனைக்கு மட்டும்

கடைவீதியில் அவருக்கு முத்திரை என்று பெயர். எடைக்கல், தராசு, லிட்டர் அளவை எல்லாவற்றையும் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. அவருடைய அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருந்தது. மூச்சுக்காற்று பட்டால்கூட அதன் முள் அசைந்துவிடும் என்பதால் அதன் அருகில் மூச்சை அடக்கிக்கொள்வார். வேறு எவர் அருகிலும் அவர் எதையும் அடக்கிக்கொண்டதாகத் தகவல் இல்லை.

வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவார். சர்க்கரைப் பொட்டலம் சமையலறைக்குப் போகுமுன் தராசில் ஏறும். புதுக் குடை குளியலறையில் ஷவருக்கு அடியில் விரிக்கப்படும். மனைவி அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒழுகினால் அவள் தலையில் தெரியும். தேறிய குடை அலமாரிக்குள் போய்விடும். மழை வந்தால் பழைய குடைதான். தேறிய பொருளைப் பயன்படுத்திக் கெடுக்க அவருக்கு மனம் வராது. தேறாத பொருளைக் கடைக்காரன் முகத்தில் அடிக்காத குறையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும் நாட்களில் மட்டும் ஏதோ பாட்டை முணுமுணுப்பார்.

மகள் பிறந்தபோது மருத்துவமனையில் எடை பார்த்துச் சொன்னார்கள். எதற்கும் அலுவலகத்தில் இன்னொரு தரம் பார்த்துவிடலாமே என்றாராம். மனைவியின் தம்பி இதை எல்லோரிடமும் சொல்வான். மனைவி மறுத்ததில்லை.

கேமராவும் ஒன்று வைத்திருந்தார். அதில் சுவர், செய்தித்தாள், சுவர்க்கடிகாரம், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் படங்கள் இருந்தன. மனித முகம் இல்லை. முகத்தில் கோடு நேராக இருக்காது, எதை வைத்துச் சோதிப்பது?

அந்தக் கேமராவுக்கு ஒரு லென்ஸைப் பழைய சாமான் வாங்கி விற்கும் கேமராக் கடையில் வாங்கினார். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டும் பெரிய ரகம். முழங்கை நீளம், சாம்பல் நிறம். பீரங்கிக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருந்தது. "உள்ளேயே ஸ்டெபிலைசேஷன் இருக்கு சார். உங்க கை நடுங்கினாலும் படம் நடுங்காது," என்றார் கடைக்காரர். "வேலை செய்யலன்னா ஒரு வாரத்துக்குள்ள கொண்டாங்க. மாத்திக்கலாம்."

கடைசியாகச் சொன்னதற்காகத்தான் அவர் வாங்கினார்.

அந்த வாரத்தின் கடைசி நாளில் மகளுக்கு ஓட்டப்பந்தயம் இருந்தது. நானூறு மீட்டர். முதல் இரண்டு இடம் வருபவர்களுக்குத் தலைநகரில் பயிற்சி, தங்க விடுதி, அங்கேயே கல்லூரி. மூன்றாவது வந்தால் வீட்டுப் பக்கத்துக் கல்லூரியில் வணிகவியல். அவள் தினமும் வெளிச்சம் வருமுன் எழுந்து ஓடினாள்.

"அங்க போனா என்ன கிடைக்கும் உனக்கு?" என்று மாமன் கேட்டான்.

"ரூம் கிடைக்கும் மாமா. அந்த ரூம்ல யாரும் எதையும் டெஸ்ட் பண்ண மாட்டாங்க."

லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன விசை இருந்தது. ஸ்டெபிலைசேஷனைப் போடவும் நிறுத்தவும் அதுதான். போட்டு ஒரு படம், நிறுத்தி ஒரு படம் எடுத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். குழந்தைக்கும் புரியும் சங்கதி. முத்திரை முதல் நாள் கேமராவை மாடியில் முக்காலி ஸ்டாண்டின் மேல் திருகி வைத்து எடுத்தார். விசையைப் போட்டபோதுதான் படம் மோசமாக வந்தது. முகம் மலர்ந்துபோய்க் கடைக்குப் போன் போட்டார்.

"ஸ்டாண்டுல வச்சா அதை ஆஃப் பண்ணணும் சார்," என்றார் கடைக்காரர். "ஆடாத பொருளை அது எப்படி நிறுத்தும்? அதுவே ஆட ஆரம்பிச்சிடும். கையில பிடிச்சு எடுங்க."

அடுத்த சோதனைக்கு மகளைக் கூப்பிட்டார். அவள் பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மாடிக் கைப்பிடிச் சுவரருகில், செய்தித்தாளைக் கழுத்துக்குக் கீழே விரித்துப் பிடித்து நிற்கச் சொன்னார்.

"அசையாம நில்லு."

"அப்பா, நான் ஓடப் போகணும்."

"ஓடுறது எப்ப வேணா ஓடலாம். நிக்கிறதுதான் கஷ்டம்."

உச்சிவெயில் ஏறும்வரை நின்றாள். அன்றைய பயிற்சி போயிற்று. விசையைப் போட்டாலும் நிறுத்தினாலும் எழுத்துக்கள் ஒரே மாதிரி துல்லியமாக வந்திருந்தன. வித்தியாசமே இல்லை, ஆகவே லென்ஸ் செத்துப்போனது என்று மறுபடி போன் போட்டார்.

"அவ்வளவு வெயில்ல ஷட்டர் கண் சிமிட்டுற நேரத்துல மூடிடும் சார். கை ஆடுறதுக்குள்ள படம் முடிஞ்சிடும். ஷட்டரை மெதுவாக்கி எடுங்க, அப்பதான் தெரியும்."

இரண்டு தடவை ஒரு கடைக்காரனிடம் பாடம் கேட்க நேர்ந்ததை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியும். சுவர் மெல்லியது.

பந்தயத்தன்று மேகம் மூடியிருந்தது. மைத்துனன் தன் வேனில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனான். லென்ஸுக்கு முன்இருக்கை. ஓடப்போகிறவள் பின்னால், மாற்றுச் சக்கரத்தின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அத்தான், இன்னிக்காவது புள்ளைய எடுப்பீங்களா, இல்ல இன்னிக்கும் செவுருதானா?"

"சாயங்காலம் கடை மூடுறதுக்குள்ள முடிவு தெரியணும் மாப்ள. உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாம இருக்கிறதே நிம்மதியா இருக்கு அத்தான்."

மைதானத்தில் முடிவுக்கோட்டுக்கு நேர் எதிரே, பார்வையாளர் படிக்கட்டில் இடம் பிடித்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் மதில்சுவர். அதில் 'சுவரில் எச்சில் துப்பாதீர்கள்' என்று எழுதி, கீழே பொடி எழுத்தில் எழுதியவன் தன் போன் நம்பரையும் போட்டிருந்தான். முத்திரைக்குக் கண் பளிச்சிட்டது. இதைவிட நல்ல சோதனைப் பலகை எங்கே கிடைக்கும்? ஷட்டரை வினாடியில் பதினைந்தில் ஒரு பங்குக்கு இறக்கினார். மூச்சை அடக்கி, பொத்தானைப் பாதி அழுத்தினார். லென்ஸுக்குள் மெல்லிய முனகல் கேட்டது. தளும்பிக்கொண்டிருந்த சுவர் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"ஏங்க, அவ வரிசையில நிக்கிறா. இந்தப் பக்கம் திருப்புங்க," என்றாள் மனைவி.

"ஓடி இங்கதானே வரணும். வரட்டும்."

துப்பாக்கி வெடித்தது. மகள் சிவப்புச் சட்டை. கடைசி வளைவில் நான்காவதாக இருந்தவள், நேர்பாதைக்கு வந்ததும் ஒருத்தியை முந்தினாள். மனைவி எழுந்து நின்று கத்தினாள். மைத்துனன் வேன் ஹாரனைவிடப் பெரிதாக விசிலடித்தான். முத்திரை கத்தவில்லை, கத்தினால் கை ஆடும். முதல் பெண் கோட்டைத் தாண்டியபோது விசையை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். உடனே விசையைப் போட்டார். அதற்குள் சிவப்பும், இரண்டாவதாக வந்த நீலச் சட்டையும் தோளோடு தோளாகக் கோட்டில் பாய்ந்தார்கள். ஒரு படம். வேலை முடிந்தது.

கோட்டருகில் சத்தம் எழுந்தது. ஒரு நடுவர் சிவப்பு என்றார். இன்னொருவர் நீலம் என்றார். மூன்றாமவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். முடிவுக்கோட்டுக் கேமரா பழுதுபார்க்கப் போயிருந்தது. தலைமை நடுவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பி, "யாராவது நேரா இருந்து போட்டோ எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

அத்தனை பேரும் சாம்பல் நிறப் பீரங்கியைப் பார்த்தார்கள்.

முத்திரை எழுந்தார். ஒரு தகராறு, அதைத் தீர்க்க ஒரு கருவி, கருவியோடு அவர். அவர் படியிறங்கிய நடையைப் பார்த்தால் மைதானத்துக்கே முத்திரை குத்தப் போகிறார் என்று தோன்றும். மகள் முழங்காலில் கையூன்றி மூச்சிரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "அப்பா, எடுத்தீங்களா?" என்றாள்.

"எடுக்காம?"

கேமராவின் சின்னத் திரையைச் சுற்றித் தலைகள் கூடின. முதல் படம் முழுவதும் கலங்கல். இரண்டாவதில் மதில்சுவர் கழுவித் துடைத்ததுபோல் நின்றது. சுவரில் எச்சில் துப்பாதீர்கள். போன் நம்பரின் கடைசி எண்ணில் பெயிண்ட் வழிந்திருந்தது வரை தெரிந்தது. அதற்கு முன்னால், ஈரத்துணியால் இழுத்த மாதிரி ஒரு சிவப்புத் தீற்றல், ஒரு நீலத் தீற்றல். தலை இல்லை, மார்பு இல்லை, எது முன் எது பின் என்பதும் இல்லை.

தலைமை நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இதுல உங்க பொண்ணு எங்க சார்?"

"பொண்ணை விடுங்க சார். அந்தப் பொடி எழுத்தைப் பாருங்க. பதினைஞ்சில ஒரு பங்கு, வெறும் கையில! ஸ்டெபிலைசேஷன் பக்காவா வேலை செய்யுது."

யாரோ சிரித்தார்கள். மகள் திரையைப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

"கை ஆடுறதைத்தான் அது நிறுத்தும் சார், ஆள் ஓடுறதை நிறுத்தாது," என்றார் நடுவர், சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல. "வேகமான ஷட்டர்ல எடுத்திருந்தா இந்நேரம் தெரிஞ்சிருக்கும்."

"வேகமா எடுத்தா சோதனை ஆகாதே சார்," என்றார் முத்திரை.

ஒரு தொப்பிக்குள் இரண்டு சீட்டைப் போட்டுக் குலுக்கினார்கள். நீலம் வந்தது. நீலச் சட்டைக்காரி அழுதாள். சிவப்புச் சட்டைக்காரி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஷூவைக் கழற்றினாள்.

வேனில் முத்திரை இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தார். லென்ஸ் தேறிவிட்டது. இனி அலமாரிதான். திருப்பிக் கொடுக்க முடியாமல் போனதில் லேசான வருத்தம் இருந்தாலும், கடை மூடுமுன் தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும் என்று வேனை நிறுத்தச் சொன்னார்.

"என்ன சார், வேலை செய்யுதா இல்லையா?" என்றார் கடைக்காரர். கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

முத்திரை வாயைத் திறப்பதற்குள் வேன் ஜன்னலில் இருந்து மகளின் பதில் வந்தது.

"ரொம்ப நல்லா வேலை செய்யுது அங்கிள். செவுரு அசையவே இல்ல."

முத்திரை தலையை ஆட்டினார். வீட்டில் ஒருத்திக்காவது விஷயம் புரிகிறது.

"கேட்டீங்கல்ல?" என்றார் கடைக்காரரிடம்.