மேனேஜர் சாரின் தொட்டிக் கணக்கு

அந்தக் கணக்குப் புத்தகம் செங்கல் தடிமன் இருக்கும். மேனேஜர் சார் அதற்குப் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தார். லாட்ஜுக்கு வருகிறவர்கள் பெயர் எழுதும் பெரிய நோட்டுக்கு அடியில் அது கிடக்கும். யாராவது ரூம் கேட்டால் நோட்டை இழுப்பார். கூடவே புத்தகமும் வரும். ஒருநாள் மதுரைக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்து ரூம் கேட்டார். மேனேஜர் சார் தலை நிமிரவில்லை. “ஒரு நிமிசம் சார், இந்த ரயிலு பாலத்தத் தாண்டிரட்டும்” என்றார். வந்தவர் வாசலை எட்டிப் பார்த்தார். குற்றாலத்தில் ஏது ரயில். மழைதான் பெய்துகொண்டிருந்தது.

நான் அந்த லாட்ஜில் மோட்டார், டேங்க், குழாய் பார்க்கிற ஆள். ஆறாம் வகுப்போடு நின்றவன். மேனேஜர் சாருக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என்னை அண்ணாச்சி என்பார். நான் சார் என்பேன். எங்கள் முதலாளி தென்காசியில் இருந்தார். குத்துக்கல்வலசையில் புதிதாக நாலு மாடி ஓட்டல் கட்ட அஸ்திவாரம் போட்டிருந்தார். அதற்கு மேனேஜராக வருகிறவன் எம்.பி.ஏ. படித்திருக்க வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மேனேஜர் சாரைக் கூப்பிட்டு, “வே, கட்டி முடிக்க ரெண்டு வருசம் ஆவும். அந்தப் படிப்பும் ரெண்டு வருசமாம். இந்த வருசம் எடம் கெடைச்சா போயி படிச்சிட்டு வாரும், ஓட்டல் உமக்குத்தான். கெடைக்கலைன்னா என் சகல மவன் இருக்கான்” என்றார். சகலை மகனை எங்களுக்குத் தெரியும். ஒருதரம் வந்து நாலு நாள் தங்கி, ஏழு பேரை வேலையை விட்டுப் போகச் சொன்னான். அதனால் மேனேஜர் சார் அந்தப் படிப்புக்கான நுழைவுப் பரீட்சையில் தேறவேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் வேண்டியதாக இருந்தது.

இங்கிலீஷ் அவருக்கு வரும். கணக்குதான் இடித்தது. கணக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. போட்டுவிடுவார். விடை வந்ததும் நம்பமாட்டார். கண்ணால் பார்க்கவேண்டும். படகு ஆற்றின் ஓட்டத்தோடு போனால் இத்தனை நேரம், எதிர்த்து வந்தால் இத்தனை நேரம் என்று ஒரு கணக்கு. மத்தியானம் சாப்பிடப் போனவர் நேரே படகுக் குளத்துக்குப் போய்விட்டார். படகு விடுகிறவனிடம் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டிருக்கிறார். “கொளம் எங்கன சார் ஓடும்? அங்கனயேதான் கெடக்கும்” என்று அவன் சொன்னானாம். இன்னொரு நாள் ரூம் பெருக்கும் இரண்டு அக்காமாரைக் கூப்பிட்டார். ஒருத்தி தனியாக எட்டு ரூமை எவ்வளவு நேரத்தில் முடிக்கிறாள், மற்றவள் எவ்வளவு நேரத்தில் முடிக்கிறாள் என்று குறித்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரையும் ஒன்றாக விட்டார். கணக்குப்படி பாதி நேரத்தில் முடியவேண்டும். இரண்டு மடங்கு ஆனது. ஒருத்தியின் நாத்தனார் கதை மூன்றாவது ரூமில் ஆரம்பித்து எட்டாவது ரூமில்தான் முடிந்தது. புத்தகத்தில் அதற்கு இடம் இல்லை.

என்னிடம் அவர் வந்தது தொட்டிக் கணக்குக்காக. நான் மொட்டை மாடியில் டேங்க் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தோடு ஏறி வந்தார்.

“அண்ணாச்சி, ஒரு தொட்டி. ஒரு குழாய் ஆறு மணி நேரத்துல நெறைக்கும். இன்னொண்ணு ஒம்பது மணி நேரத்துல காலி பண்ணும். ரெண்டையும் சேத்துத் தொறந்தா எப்ப நெறையும்?”

“காலி பண்ணுத குழாய எதுக்குத் தொறக்கணும்?”

“கணக்கு அப்படி.”

“அத அடைச்சிரணும் சார்.”

“அடைக்கக்கூடாது அண்ணாச்சி.”

“அப்ப நெறயாது.”

“பதினெட்டு மணி நேரத்துல நெறையும்னு போட்டிருக்கான்.”

“அவன் டேங்க் மூடியத் தொறந்து பாத்திருக்க மாட்டான். தண்ணி ஏற ஏற அடியில அமுக்கம் கூடும். வெளிய போறது வேகமாப் போவும். ஒரு மட்டத்துல வந்து நின்னுரும்.”

அன்றைக்கு நான் அதிகம் பேசியது அதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் டேங்கைப் பார்த்தார். கீழே போகும் குழாயைப் பார்த்தார். டேங்க் கழுவும்போது அழுக்குத் தண்ணீரை வெளியே விட அடியில் வாஷ்அவுட் வால்வு ஒன்று உண்டு. அதைப் பார்த்தார். “நம்ம மோட்டார் எவ்வளவு நேரத்துல நெறைக்கும்?” என்றார். இரண்டு மணி நேரம் என்றேன். வாஷ்அவுட்டைத் திறந்துவிட்டால் மூன்று மணி நேரத்தில் காலியாகும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் என்ன செய்யப்போகிறார் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு மறுநாள் லாட்ஜ் நிறைந்திருந்தது. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. காலை எட்டு மணிக்குள் எல்லோரும் அருவிக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் வரை யாரும் திரும்பமாட்டார்கள், அந்த நேரம்தான் சரி என்றார். டேங்கில் பாதி தண்ணீர் இருந்தது. மோட்டாரைப் போட்டேன். அவர் சொன்னபடி வாஷ்அவுட்டையும் திறந்தேன். மூன்று மணி நேரத்தில் நிறையவேண்டும் என்று எழுதிவைத்துக்கொண்டார். குடை பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் டேங்குக்குள் பார்த்தபடி நின்றோம். தண்ணீர் நாலு விரல்கடை ஏறியது. பிறகு நின்றது. பத்து மணிவரை அங்கேயே நின்றது. “நின்னுட்டு” என்றேன். “கணக்குல இது ஆரம்பம்தான்” என்றார். தென்காசிக்குப் போய்க் குழாய்க்கு வாசர் வாங்கி வரச் சொன்னார். வால்வை அடைக்கவேண்டாமா என்றேன். “நான் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க” என்றார். போனேன்.

பதினோரு மணிக்குக் கரண்டு போய்விட்டது. இதை அவரே பின்னால் சொன்னார். மோட்டார் நின்றுவிட்டது. வாஷ்அவுட் திறந்தபடியே இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் எட்டி அடைத்திருப்பான். ஆனால் புத்தகத்தில் அடுத்த கணக்கே அதுதானாம். நிறைக்கும் குழாய் நடுவில் நின்றுபோனால் தொட்டி எப்போது காலியாகும். மழையில் நனைந்துகொண்டே போட்டிருக்கிறார். பன்னிரண்டரை என்று வந்திருக்கிறது. அது சரியா என்று பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

மேலே மலையில் மழை வலுத்து, பன்னிரண்டு மணிக்கு அருவியில் தண்ணீர் செம்மண் நிறமாக வந்தது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். குளிக்கத் தடை. அருவிக்கரையில் முதலில் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடச் சொல்லிவிட்டு, பிறகுதான் தண்ணீருக்குள் போவார்கள். எங்கள் லாட்ஜ் ஆட்கள் நாற்பது பேர். தீபாவளிக் கூட்டத்தில் முறை வராமல் நாற்பது பேரும் எண்ணெயோடு இருந்தார்கள். சரி, ரூமில் குளித்துக்கொள்ளலாம் என்று திரும்பி வந்திருக்கிறார்கள். வந்து குழாய்களை ஒரே நேரத்தில் திறந்திருக்கிறார்கள்.

நான் வாசரோடு படியேறும்போது மேனேஜர் சார் மேலேயிருந்து இறங்கி வந்தார். சட்டை பிழிந்தால் வடியும். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். “அண்ணாச்சி, சொன்னா சொன்ன மாதிரி பன்னெண்டரைக்குக் காலி. மொத மொதல்ல ஒரு கணக்கு கண்ணு முன்னால சரியா வந்திருக்கு” என்றார். கீழே அத்தனை குழாயும் திறந்திருந்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் குழாய்களும் சேர்ந்து இழுத்ததால்தான் சரியாக வந்தது என்பது என் எண்ணம். அதைச் சொல்ல நேரமில்லை. முதல் மாடியில் ஒருவர் எண்ணெய்க் கையோடு கதவுப் பிடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிடி வழுக்கிக்கொண்டே இருந்தது. இன்னொருவர் முதலாளிக்குப் போன் போடப் பார்த்தார். எண்ணெய் விரலுக்குப் போன் கேட்கவில்லை. அது எங்கள் நல்ல நேரம். நாற்காலியில் யாரையும் உட்காரச் சொல்ல முடியாது. எல்லோரும் படியில் கைப்பிடியைப் பிடித்து நின்றார்கள். சிவகாசிக்காரர் ஒருவர், கனத்த உடம்பு, துண்டோடு வந்து நின்று, “ஏம்ப்பா, ஊரே வெள்ளத்துல போகுது. உங்க ரூம்ல மூஞ்சி கழுவத் தண்ணி இல்லையா?” என்றார்.

மோட்டார் தண்ணீர் எடுக்கிற கீழ்த் தொட்டியில் வாளி விட்டுப் பார்த்தேன். காலி. மூன்று மணி நேரம் மோட்டார் ஓடி, எல்லாம் வாஷ்அவுட் வழியாக ஓடைக்குப் போயிருந்தது. ஆய்க்குடியில் என் மச்சான் வயலில் டீசல் இன்ஜின் போட்ட பம்ப்செட் உண்டு. கரண்டு வேண்டாம். லாட்ஜ் வேனைக் கொண்டுவரச் சொன்னேன். மேனேஜர் சார் ஒரு தாளை எடுத்து, நாற்பது பேர், வேனுக்குப் பன்னிரண்டு பேர், போக இவ்வளவு, குளிக்க இவ்வளவு என்று போட ஆரம்பித்தார். அவர் போட்டு முடிக்குமுன் முதல் வேன் போய்விட்டது. மச்சானுக்கு விஷயமே தெரியாது. எண்ணெய் பூசிய பன்னிரண்டு பேர் வரப்பில் வரிசையாக வருவதைக் கண்டு அரிவாளை எடுத்துவிட்டானாம். பெண்கள் தனி வேனில் போனார்கள். என் தங்கச்சி சீயக்காய் கரைத்துக் கொடுத்தாள். சிவகாசிக்காரர் திரும்பி வந்து, “அருவிய விட இது நல்லா அடிக்குது. நாளைக்கும் உண்டா?” என்று கேட்டார்.

சாயங்காலம் முதலாளி வந்தார். வேன் இருக்கையெல்லாம் எண்ணெய். நாங்கள் எல்லோரும் வரவேற்பு மேசை முன் நின்றோம். “வாஷ்அவுட்டத் தொறந்தவன் எவம்லே?” என்றார். மேனேஜர் சார் பெரிய நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டில் ஒன்றும் இல்லை. நான்தான் என்றேன். திறந்தது என் கைதான். முதலாளி கையை நீட்டினார். மாடிச் சாவியைக் கொடுத்தேன். வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார். இனி உன் வேலை படிக்கட்டு துடைப்பதுதான் என்றார். அந்தப் படிகளில் எண்ணெய் போக ஒரு வாரம் ஆனது.

மேனேஜர் சார் அன்று வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கே சகலை மகன் வந்திருப்பான். எனக்கும் அது தெரியும். இருந்தாலும் இவர் ஒரு வார்த்தை என்னிடமாவது சொல்வார் என்று பார்த்தேன். படியில் என்னைக் கண்டால் சுவர்ப் பக்கம் ஒதுங்கிப் போவார். கணக்கு கேட்க வரவில்லை. வாட்ச்மேனுக்கு மோட்டார் தெரியாது. வாரத்துக்கு இரண்டு நாள் டேங்க் வழிந்து மாடியிலிருந்து கொட்டும். அருவியில் தடை என்றால் பிள்ளைகள் அதன் அடியில் போய் நிற்கும்.

மேனேஜர் சார் திருநெல்வேலிக்குப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தார். மார்க் நன்றாக வந்தது என்று அக்காமார் சொன்னார்கள். மாசியில் சென்னைக்கு நேர்முகத்துக்குப் போனார். அங்கே நாலு பேர் உட்கார்ந்து, வேலையில் நீ செய்த தவறு ஒன்றைச் சொல் என்று கேட்டிருக்கிறார்கள். டேங்கைச் சொல்லியிருக்கிறார். கதையில் சிவகாசிக்காரர் வரும் இடத்தில் நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். சிரித்து முடித்ததும் ஓரத்திலிருந்த அம்மா ஒருவர், “அந்த வால்வைத் திறந்தவர் இப்போது என்ன செய்கிறார்?” என்று கேட்டாராம். “படி துடைக்காங்க” என்றிருக்கிறார். பிறகு யாரும் சிரிக்கவில்லையாம். இடம் போயிற்று என்றுதான் எழுந்து வந்திருக்கிறார்.

மறுநாள் காலை தென்காசியில் ரயிலை விட்டு இறங்கினவர் வீட்டுக்குப் போகவில்லை. பையோடு முதலாளி வீட்டுக்குப் போய், அவரைக் கூட்டிக்கொண்டு லாட்ஜுக்கு வந்தார். நான் இரண்டாவது படியில் இருந்தேன். என் முன்னால் வைத்தே எல்லாவற்றையும் சொன்னார். ஓட்டலும் போனால் போகட்டும் என்றார். முதலாளி ஒருவிசை அவரைப் பார்த்தார். ஒருவிசை என்னைப் பார்த்தார்.

“நீ ஏம்லே அன்னைக்கே சொல்லல?”

“நீங்க கேக்கலயே மொதலாளி.”

“யாரு தொறந்தான்னு கேட்டேம்லா?”

“அதச் சொன்னேன். யாரு தொறக்கச் சொன்னான்னு கேக்கல.”

முதலாளி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு மேனேஜர் சாரிடம், “நாலு மாசமா இவன் படி தொடைச்சான். நீரு அதுல ஏறி எறங்கினீரு. இல்லையாவே?” என்றார். அவர் ஆமாம் என்றார். “எடம் கெடைச்சா போயி படிச்சிட்டு வாரும். ஆனா எந்தக் கட்டடமா இருந்தாலும் மாடிச் சாவி இவங்கிட்டதான் இருக்கும். அது உமக்குச் சம்மதம்னா வாரும்” என்றார். சம்மதம் என்றார். இடம் கிடைத்தது. இவரை எடுத்தே ஆகவேண்டும் என்று சொன்னது அந்த அம்மாதானாம்.

இப்போது அவர் குத்துக்கல்வலசை ஓட்டலில் மேனேஜர். கண்ணாடி அறை. கழுத்தில் டை. நானும் அங்கேதான் இருக்கிறேன். சகலை மகன் வெளியூரில் இருக்கிறான். போன மாதம் ஒரு மத்தியானம் சார் மாடிக்கதவு வரைக்கும் ஏறி வந்தார்.

“அண்ணாச்சி, சாவியக் குடுங்க.”

“எதுக்கு சார்?”

“சும்மாதான்.”

“சும்மான்னா வேண்டாம் சார்.”

அவர் கீழே இருக்கிற அறுபது பேருக்கு மேனேஜர். எனக்கும் மேனேஜர். குடு என்று உத்தரவு போட்டிருந்தால் கொடுத்திருப்பேன். போடவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். பாதியில் நின்று, துடைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனார்.