கண்ணன் அண்ணையின் சிவப்பு ஜக்கெற்

பொலிஸ்காரர் இருவர் கதவைத் தட்டியபோது அப்பா முதலில் தேடியது இந்த நாட்டில் தங்குவதற்கான எங்கள் பெர்மிட்டுகளைத்தான். அவர்கள் அதைக் கேட்கவில்லை. மலைக் கணவாய்க்குக் கீழே, பனி மூடிய புல்வெளியில், இங்கே எங்களைத் தவிர ஒருவரும் இல்லாத கண்ணன் அண்ணையின் உடலைக் கண்டெடுத்ததாகச் சொன்னார்கள். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்றுதான் போட்டிருந்தாராம். அப்பா கதவை அகலத் திறந்து, சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடியே நின்றார்.

இங்குள்ள எங்கள் ஆட்களே, உங்களுக்கு அவர் ஹோட்டலில் கோப்பை கழுவிய பொடியன். எனக்கு, இந்த மலைகளில் பயமில்லாமல் நடந்த ஒரே தமிழர். கோடையில் ஒருநாள் என்னையும் அம்மாவையும் மேலே இருக்கும் ஏரிக்குக் கூட்டிப்போனார். நல்ல வெயில். ஏரியை அடைவதற்குள் வானம் கறுத்து ஆலங்கட்டி கொட்டியது. தன் சிவப்பு ஜக்கெற்றைக் கழற்றி என்மேல் போட்டார். "இந்த மலைக்கு என்ர அப்பாவின்ர குணம். சிரிச்சுக்கொண்டு நிக்கும், நாங்கள் திரும்பிறதுக்குள்ள அடிக்கும்" என்றார். பல் கிடுகிடுக்க, கீழே வரும்வரை பகிடி விட்டபடியே வந்தார்.

அந்த ஜக்கெற்றைத்தான் அவர் சாவதற்கு முந்தின கிழமை அப்பா இரவல் வாங்கினார். போட்டோ எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டுமாம். நாங்கள் இங்கே வசதியாக இருக்கிறோம் என்று ஊர் பார்க்க வேண்டுமாம்.

மலைக்கு அப்பால் உள்ள ஹோட்டலுக்குக் கண்ணன் அண்ணையின் ஊர்க்காரர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். ஊரில் இருக்கும் தன் தாயைப் பற்றி அவரிடம் கேட்கக் கண்ணன் அண்ணை ஆசைப்பட்டார். ரயில் மலையைச் சுற்றித்தான் போகும். கண்ணன் அண்ணைக்கு இருந்ததோ ஒருநாள் லீவு; கணவாய் வழியாக நடந்தே போக முடிவெடுத்தார். முதல்நாள் மாலை வந்து ஜக்கெற்றைக் கேட்டார்.

"படம் கழுவி வரட்டும் தம்பி. சரியா விழேல்லையெண்டால் திரும்ப எடுக்கோணும்" என்றார் அப்பா.

"ஓம் அண்ணை, வெயில்தானே" என்று சிரித்துவிட்டுப் போனார். காலையில் வெயில்தான். மத்தியானம் பனி கொட்டியது.

செத்தவீட்டன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? வெள்ளைக்காரர் மாதிரி மலையில் உலாத்தப் போய்ச் செத்தான் என்றீர்கள். சொல்வழி கேளாதவன் என்றீர்கள். அப்பா தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் மன்னிக்க மாட்டேன். பிறகு என்னை அடுப்படிக்குள் இழுத்து, "நீ ஒண்டும் கதைக்கக்கூடாது, விளங்குதோ?" என்றார். கை வலித்தது. இப்போதும் அவர் அடுத்த அறையில் இருமும்போதெல்லாம் இதை எழுதும் பென்சிலை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன்.

படம் கழுவி வந்துவிட்டது. அப்பா அதில் நன்றாகத்தான் இருக்கிறார். கண்ணன் அண்ணைக்குப் பூ வைக்க ஒரு படம்கூட எங்களிடம் இல்லை.

ஜக்கெற் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. பொலிஸ் வந்தபோதும் அங்கேதான் தொங்கியது. அவருடையதாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். நாளை அவருடைய எட்டாம் நாள் படையலுக்கு, எட்டுச் செலவுக்கு, நீங்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். அதைப் போட்டுக்கொண்டு உங்கள் நடுவில் வந்து இருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வாய் திறக்க வருமோ தெரியாது. இது யாருடைய ஜக்கெற் என்று உங்களில் ஒருவராவது கேளுங்கள்.