சம்பந்திகளும் படகு டீசலும்

போன வருடம் வைகாசியில், சேரப்பணஞ்சேரியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டில் என் மனைவிக்கு வளைகாப்பு நடந்தது. நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். அவள் வல்லம் வடகாலில் வேலையில் இருந்தாள். நீண்ட பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஊரில் செய்ய வேண்டிய விசேஷத்தை இங்கேயே வைத்துக்கொண்டோம்.

என் அப்பா தூத்துக்குடிப் பக்கம் விசைப்படகு வைத்திருக்கிறார். மாமனாருக்கும் படகுதான், அவர் ராமேசுவரம் தீவில். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இருவருமே நிம்மதியாகக் கிளம்பி வந்திருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் இருவரும் சேர்ந்து உட்காருகிறார்கள். வலை, ஐஸ், இன்ஜின் என்று காலையிலிருந்து ஓயாத பேச்சு. வீட்டுக்கார அக்கா என் காதருகே வந்து, "இன்னா தம்பி, வளைகாப்பு உன் பொண்டாட்டிக்கா, இவங்க ரெண்டு பேருக்கா? அவ பக்கம் ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பந்தி வரைக்கும்தான் இருந்தது.

படகுகளுக்கு ஊற்றும் டீசலுக்கு அரசாங்கம் விற்பனை வரி வாங்குவதில்லை. கரையிலேயே அதற்கென்று தனி பங்க் இருக்கும். சாப்பிட உட்கார்ந்ததும், "நீங்க என்ன விலைக்கு அடிக்கீய?" என்று அப்பா கேட்டார். மாமனார் சொன்னார். அப்பா புளிசாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"எங்கூர்ல அதவிடக் குறையல்லா. உங்களுக்கும் வரி கெடையாது, எங்களுக்கும் கெடையாது. எண்ணெயும் ஒரே எண்ணெய்தான். அப்போ நடுவுல யாரோ கை வைக்காவ."

மாமனார் முகம் சுருங்கியது. அந்த வருடம்தான் அவரைப் படகுக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். கரையில் டீசல் பங்க்கை நடத்துவது அந்தச் சங்கம்தான். இது அப்பாவுக்குத் தெரியாது. நான் குறுக்கே விழுந்து சொன்னேன். சொன்ன பிறகாவது அப்பா விட்டிருக்கலாம்.

"அப்போ சம்பந்திதான் பதில் சொல்லணும்" என்றார் அப்பா.

"என்னைய திருடன்னு சொல்றீகளா?"

"நான் விலையைத்தான் கேக்குதேன்."

என்னோடு வேலை பார்க்கும் பையன்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் இலையைப் பார்த்தபடி இருந்தார்கள். மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு என் மனைவி உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பாவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. பையை எடுத்துக்கொண்டு, "நான் ஊருக்குப் போறேன்" என்று வாசலில் இறங்கிவிட்டார்.

அப்போதுதான் வீட்டுக்கார அக்கா, பந்திக்கு வாடகைக்கு எடுத்த அண்டாக்களைத் திருப்பிக் கொடுக்க வாலாஜாபாத் கிளம்பிக்கொண்டிருந்தார். தொழிற்சாலை கேன்டீன்களுக்குக் காய்கறி ஏற்றிப் போகச் சொந்தமாக ஒரு சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார், ஓட்டுவதும் அவரே. "செங்கல்பட்டுக்கு அங்கேர்ந்து பஸ் கீதுப்பா, அங்க போனா உங்க வூரு வண்டி கெடைக்கும், ஏறு" என்றார் அப்பாவிடம். வழியிலாவது அப்பா மனம் மாறுவார் என்று அக்கா நினைத்தாரோ என்னவோ. நானும் ஏறிக்கொண்டேன். முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தோம்.

ஒரகடம் தாண்டி ஒரு பங்க்கில் டயருக்குக் காற்று பிடிக்க அக்கா நிறுத்தினார். டீசல் விலைப் பலகையைக் கண்டால் அப்பாவின் தலை தானாகத் திரும்பிவிடும். படகுக்காரர்களின் பழக்கம் அது. அன்றும் பார்த்தார். வாலாஜாபாத் போனதும் வேறொரு பங்க்கில் அக்கா டீசல் போட்டார். அங்கும் பலகையைப் பார்த்தார். பிறகு வண்டியை விட்டு இறங்கி, பக்கத்தில் போய் இன்னொரு முறை பார்த்தார்.

"ஏம்மா, காத்து பிடிச்ச எடத்துல போட்டிருந்த விலையவிட இங்க கொஞ்சம் கூடுதலா இருக்கு. ரெண்டும் ஒரே கம்பெனிதானே?"

"ஆமாம்பா. எண்ணெய் லாரி சும்மாவா வருது? எவ்ளோ தூரம் வருதோ, அந்தக் கூலியும் வெலையில சேந்துக்கும். ஒரே ரோடுதான், வூருக்கு வூரு பைசா மாறும். அதான் அந்தாண்ட போனா அங்கயே ரொப்பிக்குவேன். இன்னிக்கு அவசரத்துல மறந்துட்டேன்."

பாத்திரக் கடை வாசலில் வண்டி நின்றதும் அப்பா என்னிடம் கேட்டார்.

"ஏல, வரிய எடுத்தாலும் லாரிக் கூலி போவாதுல்லா?"

"எப்படிப்பா போகும்?"

"நமக்கு எண்ணெய் கப்பல்லயே வந்து பக்கத்துல எறங்குது. அவருக்கு அது எங்கிருந்தோ வந்து, பாலம் ஏறி, கடலத் தாண்டிலா போவணும்." பையைச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினார். "நல்ல நாளும் அதுவுமா அந்த மனுசன சாப்பாட்டுல இருந்து எழுப்பிட்டேனே."

அக்கா கடைக்காரரைக் கூப்பிடுவதற்குள் அப்பாவே அண்டாக்களை இறக்க ஆரம்பித்துவிட்டார். கடைசி அண்டாவை வைத்துவிட்டு, "வண்டியத் திருப்பும்மா" என்றார்.

நாங்கள் திரும்பி வந்தபோது மாமனார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதுவும் சாப்பிடவில்லை என்று மாமியார் சொன்னார். அப்பா நேராக அவரிடம் போகவில்லை. பந்தியில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு வரும்படி அக்காவிடம் சொன்னார். "எதுக்குப்பா?" என்றேன்.

"சொன்னது நாலு பேர் முன்னால. திருப்பி எடுக்கதும் நாலு பேர் முன்னாலதான்."

பெண்களும் பையன்களும் தயங்கித் தயங்கி வந்து நின்றார்கள். லாரிக் கூலியைப் பற்றி அப்பா எல்லோரிடமும் விளக்கமாகச் சொன்னார். பிறகு மாமனார் பக்கம் திரும்பி, "விவரம் தெரியாம வாய விட்டுட்டேன் சம்பந்தி. மன்னிச்சிருங்க" என்று கை கூப்பினார்.

மாமனார் எழுந்து அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். அவர் சொன்னதை நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. "எங்க ஆளுகளே இதத்தான் தெனமும் கேக்குறாக. எனக்குமே சரியா பதில் சொல்லத் தெரியல. அதான் நீங்களும் கேக்கவும் பொசுக்குனு கோவம் வந்துருச்சு. இனிமே லாரிக் கூலின்னு சொல்லிக்கிறேன்."

முதலில் சிரித்தது, உள்ளறை வாசலில் வந்து நின்றிருந்த என் மனைவிதான். மிச்சமிருந்த எலுமிச்சை சாதத்தையும் தயிர் சாதத்தையும் அவளே இருவருக்கும் பரிமாறினாள். அப்பா ஊருக்குப் போவதைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு நாள் இருந்துவிட்டு, மாமனாரோடு ஒரே பஸ்ஸில்தான் செங்கல்பட்டு வரை போனார்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இப்போது டீசல் விலை மாறும்போதெல்லாம் சம்பந்திகள் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். பேத்தியைப் பற்றி விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். அப்பாவைக் கடலில் பார்த்து வளர்ந்தவன் நான். காற்றுக்கும் அலைக்கும் அவர் பயப்படாததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் எவ்வளவு பெரிய மனிதர் என்று எனக்குத் தெரிந்தது, கடலே இல்லாத வாலாஜாபாத்தில், ஒரு பாத்திரக் கடை வாசலில், அந்த வைகாசி வெயிலில்தான்.