லெவினாவின் கையெழுத்து

ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருக்கும் மோவா தீவில், பிறந்த பிள்ளையைச் சொந்தக்காரர் வீட்டுக்கு வளர்க்கக் கொடுப்பதும், கொடுத்த பிறகு அதைப் பற்றி வாயே திறக்காமல் இருப்பதும் இன்று நேற்று வந்த பழக்கமில்லை. அரசாங்கத்துக்குத்தான் அது விளங்காது. பிறப்புச் சான்றிதழில் பெற்றவர்கள் பெயர் இருக்கும். ஊருக்குள் வளர்த்தவர்கள் பெயர் இருக்கும். ஓட்டுநர் உரிமம் வாங்கப் போன பிள்ளை, நீ யார் என்று கேட்கப்பட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும்.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டக் கிளம்பியவர்களில் தோர்காஸும் ஒருத்தி. தீவின் கடையில் கல்லாவில் இருப்பவள். இதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்கும் கூட்டம் எந்தத் தீவில் நடந்தாலும் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிடுவாள். நகரத்திலிருந்து வந்த வக்கீல் ஒருவர், பிள்ளையைக் கொடுத்ததற்கு அத்தாட்சி உண்டா என்று ஒருமுறை கேட்டார்.

"உங்க அம்மாதான் உங்க அம்மான்னு நீங்க எந்தக் காகிதத்தப் பாத்து நம்புனீங்க, தம்பி?" என்றாள் தோர்காஸ். கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது.

இருபது வருடம் இப்படிச் சலிக்காமல் பேசினாள். அவளைப் போன்றவர்கள் பேசிப் பேசித்தான் கடைசியில் சட்டம் வந்தது. வளர்த்தவர்களின் பெயரிலேயே புதுச் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் பெற்றவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தோர்காஸ் படகேறி வீடு வீடாகப் போனாள். தேநீர் குடிப்பாள், மீன் நறுக்கிக் கொடுப்பாள், படிவத்தைக் கடைசியில்தான் வெளியே எடுப்பாள். பதினோரு குடும்பங்களுக்கு அவளால் காரியம் முடிந்தது. ஒரு வீட்டில்கூட யாரும் முகம் சுளிக்கவில்லை.

அப்படிப்பட்டவள் தன் சொந்த விஷயத்தில் சறுக்கினாள். அவள் வளர்த்த கெசியாவுக்கு கெய்ன்ஸ் நகரத்தில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் காகிதம் எல்லாம் சரியாக இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். கெசியாவைப் பெற்றவள் லெவினா, தோர்காஸின் சித்தி மகள், மபுயாக் தீவில் இருக்கிறாள். அவள் கணவன் உயிரோடு இல்லை, அதனால் அவள் ஒருத்தி கையெழுத்துப் போட்டால் போதும். அவளிடம் நேரில் போகாமல் தோர்காஸ் படிவத்தைத் தபாலில் அனுப்பிவிட்டாள். பயம்தான். நேரில் பார்த்ததும் அவள், பிள்ளையைத் திருப்பிக் கொடு என்று சொல்லிவிட்டால்?

மூன்று வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. அதில் ஒரு எழுத்துகூட நிரப்பியிருக்கவில்லை.

மறுநாள் காலையில் தோர்காஸ் படகேறினாள். லெவினா வீட்டு வாசலில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"தபால்காரிய எதிர்பாத்தேன். நீயே வந்துட்டியா அக்கா?"

"தப்புதான்டீ."

"பதினேழு வருஷம் முன்னால என் கையால தூக்கிக் குடுத்தேன். திரும்பிக்கூடப் பாக்கல. இப்ப கையெழுத்து வேணுமா உனக்கு? என் வாய்ச்சொல்லு செல்லாதா?"

"எனக்குச் செல்லும். அரசாங்கத்துக்குத்தான் செல்லல."

"அத நேர்ல வந்து சொல்ல என்ன கேடு? ஊரெல்லாம் படகுல போன, என் வீட்டுக்கு மட்டும் ஸ்டாம்பு ஒட்டி அனுப்புன."

"பயந்துட்டேன் லெவினா. நீ அவளத் திரும்பக் கேட்டுடுவியோன்னு."

லெவினா கத்தியைக் கீழே வைத்தாள். "இத்தன வருஷம் பேசிப் பேசி மூளையே கெட்டுப்போச்சு உனக்கு. குடு இங்க."

கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை மடியில் விரித்தாள். பெயர் எழுதினாள், ஊர் எழுதினாள். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

"பிள்ளைக்கு நீ என்ன உறவுன்னு கேக்குது. என்ன எழுத?"

கெசியாவுக்கும் விஷயம் தெரியும், தீவுக்கே தெரியும். ஆனால் இத்தனை வருடத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. லெவினா நல்லது கெட்டதுக்கு வந்தபோதெல்லாம் கெசியா அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டாள். லெவினாவும் ஏன் என்று கேட்டதில்லை.

"அம்மான்னு எழுதணும்டீ," என்றாள் தோர்காஸ் மெதுவாக.

லெவினா எழுதினாள். எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கீழே கையெழுத்தைப் போட்டு, காகிதத்தை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.

"இந்தா அக்கா, உன் பிள்ள."