டாஷ்போர்டில் வைத்த பொட்டு

என் பழைய காரின் டாஷ்போர்டில், வேகம் காட்டும் முள்ளுக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. நடுவில் குங்குமம். எட்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆயுத பூஜையன்று அதை வைத்தவள் என் மனைவி. இடம் காட்டியவன் நான்.

ஏன் அந்த இடம் என்று சொல்வதற்கு முன் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அக்கா கணவர். குரோம்பேட்டையில் ஒரு கல்லூரிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கிண்டியில் ஏசி அறையில் வேலை. குடும்பத்தில் முதலில் கார் வாங்கியவனும் நான்தான். ஆனாலும் ராஜகீழ்ப்பாக்கத்து மாமனார் வீட்டுக்குள் நான் நுழைந்தால் "வாங்க மாப்ளே" என்பார்கள், அவர் நுழைந்தால் "சாப்ட்டியாப்பா?" என்பார்கள். ஒன்று விருந்தாளிக்கு, மற்றது பிள்ளைக்கு. என் மகள்கூட "பெரியப்பா" என்று அவரிடம்தான் ஓடுவாள். எனக்கு இருந்தது பொறாமைதான். அதற்கு வேறு மரியாதையான பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை.

பூஜைக்கு ஒரு மாதம் முன்பு நான் வாசலில் காரை நிறுத்தியபோது அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "சகலை, பிரேக் அழுத்தறப்போ கீச்சுனு சத்தம் வருது. பேட் தேஞ்சிகினு கீது. பெடல் கீழ போவுதா, பாருங்க." மாமனார் பக்கத்திலேயே நின்றிருந்தார். "போன வாரம்தான் சர்வீஸ் விட்டேன்" என்று பொய் சொன்னேன். திரும்பும்போது அந்தச் சத்தம் கேட்காதபடி பாட்டைக் கூட்டி வைத்தேன். லேசாக மிதித்தாலே பிடித்த பெடல் போகப் போக அடிவரை இறங்கியது. இரண்டு முறை மிதித்துப் பழகிக்கொண்டேன். பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. பழியைச் சாலை மேல் போட்டேன். பூஜைக்கு இரண்டு நாள் முன்பு டாஷ்போர்டில் பிரேக்குக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கிய பிறகும் அணையவில்லை. பூஜை முடிந்ததும் மெக்கானிக்கிடம் விடலாம் என்று இருந்தேன். ஆனால் பூஜைக்குச் சகலை வருவாரே. அந்த விளக்கைப் பார்த்துவிட்டால் எல்லோர் முன்னாலும் அவர் சொன்னது சரியாகிவிடும். மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது விளக்கின் மேலேயே விரலை வைத்து, "இங்கே வை" என்றேன்.

எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. முன்னால் மாமனார், பின்னால் சகலை, அவர் மடியில் என் மகள். கோயிலுக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான். வேளச்சேரி சாலை சிக்னலில் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. மிதித்தேன். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன், அதே கதை. ஒரு கையால் குழந்தையை அணைத்துக்கொண்டு, மறு கையை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே நீட்டினார் சகலை. "செகண்ட் கியர் போடுங்க சகலை. ஒண்ணும் ஆவாது." ஹேண்ட் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். ஆட்டோவுக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. ஆட்டோவின் பின் சீட்டில் பள்ளிச் சீருடைபோல் ஒரே நிறத்தில் உடுத்திய இரண்டு பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டியை ஓரம் தள்ளிய பிறகு அவர் உள்ளே குனிந்து, கட்டைவிரலால் அந்தப் பொட்டைத் துடைத்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மாமனார் "என்னப்பா?" என்றார். "பொட்டு வெச்சதுல லைட்டு மறைஞ்சிடுச்சு மாமா. யாரா இருந்தாலும் கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றார் சகலை.

அன்று என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் ஒரு நாள் அவமானத்தோடு போயிருக்கும். பிறகு அவரை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் நினைப்பேன். மாமனார் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்ளும்.

இந்த வருடம் புதுக் காருக்குப் பூஜை. ஸ்டீயரிங்குக்கு மட்டும் பொட்டு வைக்கச் சொன்னேன். சகலை ஜன்னல் வழியே குனிந்து, டாஷ்போர்டில் முள்ளுக்குக் கீழே துடைத்துவிட்டது போல் வெறுமையாக இருந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கூரையை லேசாகத் தட்டி, "வண்டி நல்லா கீது சகலை" என்றார். மகள் அவர் கையைப் பிடித்துப் பின் சீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.