பின்னறையில் ஒரு தண்ணீர்ப் படம்

ஊராட்சித் தலைவரே, எங்கள் பிள்ளைகளை வெளியே தள்ளப் பார்ப்பது நீங்கள்தான். சமுதாயக் கூடத்துப் பின்னறையில் நடக்கிற எங்கள் சிறப்புப் பள்ளியைக் காலி செய்யச் சொல்லிவிட்டீர்கள். கல்யாண அண்டாக்களை அடுக்க இடம் வேண்டுமாம். அந்த அறை போனால் பிள்ளையைக் கோயம்புத்தூருக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தென்னந்தோப்பு வேலைக்குப் போகிற நான் தினமும் எப்படி ஓடுவேன்?

என் மகளுக்கு நாலு வயது. பேச்சு வரவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கே கேட்காமல் இலையில் போடுகிற ஊர் இது, பிள்ளையைக் கேட்க விடுவோமா? அவள் சொம்புப் பக்கம் திரும்பினாலே தண்ணீர் வாயருகே போய்விடும்.

பள்ளியில் முதல் நாளே டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டது. "ஏனுங்கக்கா, எல்லாத்தையும் நீங்களே முன்னாடி குடுத்துப்போட்டா பாப்பா எதுக்குங்க கேக்கோணும்?"

"அதுக்குன்னு பட்டினி போடறதுங்களா?"

"பட்டினி இல்லீங்க. கொஞ்சம் பொறுங்கன்னுதான் சொல்றேன்."

சுவரில் படங்கள் ஒட்டிய அட்டைகள் தொங்கும். பன், பந்து, தண்ணீர். வேண்டியதை எடுத்து ஆள் கையில் கொடுத்தால் பொருள் கிடைக்கும். மாதக் கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டீச்சரை மனதுக்குள் திட்டினேன். ஒருவழியாக மகள் ஒரு அட்டையை என்னிடம் கொடுத்தாள், பிறகு டீச்சரிடம். வேறு யார் வந்தாலும் மூலையில் போய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

போன வாரம் நீங்கள் அறையை அளக்க டேப்போடு வந்தீர்கள். என் மகள் எழுந்தாள். அட்டையை எடுத்தாள். நேராக நடந்துபோய் உங்கள் கையில் வைத்தாள்.

"ஏனுங்க டீச்சர், இதென்ன சீட்டுங்க?"

"பாப்பா தண்ணி கேக்குதுங்க தலைவரே. உங்ககிட்டத்தான் கேக்குது. குடுங்க."

நீங்களே குடத்தில் மோந்து கொடுத்தீர்கள். பாதி உங்கள் வேட்டியில் சிந்தியது. அவள் மடக் மடக்கென்று குடித்தாள். டீச்சர் கை தட்டியது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். முன்பின் தெரியாத ஆளிடம் என் பிள்ளை வாய்விட்டுக் கேட்டமாதிரிதானே அது. ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

"பரவாயில்லீங்களே, புத்தியாத்தான் இருக்குது," என்றீர்கள். வாசலுக்குப் போய்த் திரும்பி, "திங்கக்கெழம சாவியக் குடுத்துருங்க," என்றீர்கள்.

சாவியைக் கொடுக்க மாட்டோம். கிராம சபையைக் கூட்டுங்கள். மைக்கைப் பிடித்து, ஊர் முன்னால் சொல்லுங்கள்: உங்கள் கண்ணால் பார்த்த பிறகும் அந்த அறை அண்டாவுக்கா, பிள்ளைகளுக்கா?